மரக்காலுக்கு வந்த மூட்டுவலி

மூடிப்போன அந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கு இப்படி ஒரு கூட்டம் வரும் என்று, அதை நடத்தி நொடித்துப்போனவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பாவம், விவரம் தெரியாத மனுஷன். வந்தவர்களை ஓடச் சொன்னார், குனிந்து நிமிரச் சொன்னார், வியர்க்கச் சொன்னார். யார் வருவார்கள்? அதே கூடத்தை வாடகைக்கு எடுத்த பாதஞானி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: உட்காருங்கள். அவ்வளவுதான். கதவு திறக்கும் முன்பே தெருமுனை வரைக்கும் வரிசை.

வாசலில் பெரிய பலகை. 'உள்ளழற்சி இறக்கும் நிலையம். ஆதி ஞானமும் அதிநவீன அறிவியலும்.' இரண்டில் ஒன்றாவது உள்ளே இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்தால் அங்கே எதற்கு நிற்கப் போகிறார்கள்?

பாதஞானியின் தத்துவம் மிகவும் சின்னது. உடம்புக்குள் ஒரு தீ எரிகிறது, அதற்குப் பெயர் அழற்சி. மூட்டு வீங்கினால் அழற்சி. தூக்கம் வராவிட்டால் அழற்சி. தலை வழுக்கையானால், மருமகள் எதிர்த்துப் பேசினால், பையன் பரீட்சையில் கோட்டை விட்டால், எல்லாம் அழற்சி. அந்தச் சொல்லை மட்டும் மருத்துவர்களிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டார். மற்றதெல்லாம் சொந்தச் சரக்கு. அந்தத் தீ உடம்பைவிட்டு இறங்குவதற்கு ஒரே வாசல் பாதம்தானாம். அந்த வாசலின் சாவி அவரிடம்தான் இருக்கிறதாம்.

சாவி என்றால் விரல் தடிமனில் ஓர் இரும்புக் குழல். 'ஞானக்குழல்' என்று பெயர். அதிலிருந்து ஒரு வயர் சிவப்பு விளக்கு எரியும் பெட்டிக்குப் போகும். பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு கை உப்பு போட்டு, குழலை ஓரமாக இறக்கி, உங்கள் கால்களை உள்ளே விடச் சொல்வார். முழங்காலுக்கு மேல் ஒரு போர்வை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் 'இறங்கு, இறங்கு' என்று முனகிக்கொண்டே வரிசையாக நடப்பார். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வையை விலக்கினால், அம்மாடி! பேசினில் இருந்த நல்ல தண்ணீர் ஆறிப்போன டீ நிறத்தில் கலங்கி நிற்கும். உங்கள் உடம்பிலிருந்து இறங்கியதாம் அத்தனையும். பழுப்பு என்றால் மூட்டு. கறுப்பு என்றால் கல்லீரல். நுரை தள்ளினால் பொறாமை. அக்கம்பக்கத்தில் யார் பேசினில் நுரை வந்தது என்று எட்டிப்பார்ப்பதற்காகவே சிலர் வந்தார்கள்.

எல்லாவற்றையும்விட ஜனங்களுக்குப் பிடித்தது வேறு. அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. குடிக்கிறவர் குடிக்கலாம், புகைக்கிறவர் புகைக்கலாம், விடிய விடிய போனை நோண்டுகிறவர் நோண்டலாம். வாரம் ஒரு தடவை வந்து காலை நனைத்தால் கணக்கு தீர்ந்தது. இதைவிட வசதியான ஞானம் எங்கே கிடைக்கும்?

அந்த வரிசையில்தான் மாமா நின்றார். பஸ் ஓட்டுகிறவர். தான் நிற்பது போதாதென்று மனைவியையும், மனைவியின் தங்கையையும் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். மனைவி பெரியவள், தங்கை சின்னவள். சின்னவள் அவரை மாமா என்று கூப்பிடுவாள், நமக்கும் அதுவே போதும். அக்காவும் தங்கையும் ஒரே கடையில் வேலை பார்த்தார்கள், கால் அளவெடுத்து ஷூ தைத்துக் கொடுக்கிற கடை. பெரியவளுக்குத் தையல் மெஷினில் மேல்தோல் தைக்கும் வேலை. சின்னவளுக்கு அலமாரியையும், ஷூ காட்டிவைக்கிற கண்ணாடி ஜன்னலையும் அடுக்கும் வேலை.

பெரியவளுக்கு விரல் மூட்டுகளில்தான் கோளாறு. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்துவிட்டு, இது மூட்டுகளை அரிக்கிற அழற்சி, மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் விரல் கோணிக்கொள்ளும், கோணியது திரும்பாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். கூடவே வழக்கமான பாட்டு: தினமும் நட, நேரத்துக்குத் தூங்கு, காய்கறி பழம் கூடச் சேர், சர்க்கரையையும் பொரித்ததையும் குறை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்து, வீட்டுக்குள் சிகரெட் புகை ஆகாது என்றும் சொன்னாள். மாமா முகம் சுருங்கிப்போனது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு நேரம் காத்திருந்து, கடைசியில் கத்தரிக்காயைத் தின்னச் சொல்கிறாளே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

பாதஞானியிடம் முதல் நாள் போனபோது மாமாவின் பேசினில் தண்ணீர் அடர்பழுப்பாக வந்தது. மொத்தப் புகையும் இறங்கிவிட்டது என்றார் ஞானி. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்ததும் அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

சின்னவளும் அன்றைக்குக் கால் நனைத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அவளும் பயந்துதான் போனாள். வாய்த்துடுக்கு உண்டே தவிர, போர்வைக்குக் கீழே கலங்கிய தண்ணீரைப் பார்த்ததும் அவளும் காலைச் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டாள். தினமும் கடை முக்கில் வாங்கித் தின்கிற இனிப்பு பன் எல்லாம் சேர்ந்து இப்படி இறங்குகிறதோ என்று நினைத்து, ஒரு வாரம் பன் கடைப் பக்கமே திரும்பவில்லை. அந்த ஒரு வாரம் உடம்புக்கு நல்லதாக அமைந்தது என்றால், அந்தப் புண்ணியம் பயத்துக்குச் சேரும், பாதஞானிக்கு அல்ல.

விஷயம் அதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். காலை நனைத்தால் கால்தான் சுத்தமாகும், குடியா முழுகிப் போகும்? ஆனால் இரண்டாவது தடவை பெரியவளின் பேசினைப் பார்த்துவிட்டு ஞானி உதட்டைப் பிதுக்கினார். தீ சரியாக இறங்கவில்லையாம். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதுதான் தடை, மாத்திரை என்பது எரிகிற அடுப்பின் மேல் போடுகிற மூடி, மூடியை எடுத்தால்தான் தீ வெளியே வரும் என்றார். அன்றைக்கு ராத்திரியே மாமா மாத்திரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பெரியவளின் விரல்கள் வீங்கத் தொடங்கின. ஞானியைக் கேட்டால், தீ வெளியே வரும் வழியில் விரலைத் தொட்டுவிட்டுப் போகிறது, நல்ல அறிகுறி என்றார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நல்ல அறிகுறி. ராத்திரி வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மிகவும் நல்ல அறிகுறி. கடை முதலாளி அவளை மெஷினிலிருந்து எடுத்துப் பசை தடவும் வேலையில் உட்காரவைத்தார். அதுவும் முடியாமல் போனபோது, கொஞ்ச நாள் வீட்டில் இருந்து பாரம்மா என்று தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைக்கு என்ன அர்த்தம் என்று பெரியவளுக்குத் தெரியும். இருபது வயதிலிருந்து தைக்கிற கை. அந்தக் கை போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சின்னவள் வீட்டுக்கு வந்து சண்டை போட்டாள். டப்பாவை இறக்கிக் கொடுங்கள் என்றாள். மாமா மசியவில்லை.

"நீயும்தான் பார்த்தியே, தண்ணி எப்படி வந்துச்சுன்னு. டாக்டரம்மா வாயால சொன்னா. ஐயா கண்ணுல காட்டுறாரு. கண்ணால பார்த்ததை எப்படி இல்லைன்னு சொல்ல?"

 சின்னவளும்தான் பார்த்தாளே. அக்காவாவது ஏதாவது சொல்வாள் என்று திரும்பினால், பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இன்னும் ரெண்டு தடவை போய்ப் பார்க்கிறேன்டி, அவரும் என் நல்லதுக்குத்தானே அலையுறாரு என்றாள். அதுவும் நிஜம்தான். மாமா கெட்டவர் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிற ஆள். நல்ல மனசோடு செய்கிற முட்டாள்தனத்தைத் தடுப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம்.

சீக்கிரமே கால் மூட்டுகளும் வீங்கி, பெரியவளால் படி இறங்கவும் முடியாமல் போனது. மாமா போய் ஞானியிடம் முறையிட்டார். பேச்சுவாக்கில், மனைவி ஷூ கடையில் வேலை பார்ப்பதையும், அந்தக் கடையில் ஒவ்வொருவருடைய பாதத்துக்கும் மரத்தில் அச்சு செய்து வைத்திருப்பதையும், முன்பு ஒரு தடவை கால் வீங்கியபோது முதலாளி பெரியவளுக்கும் ஓர் அச்சு செய்ததையும் சொல்லிவைத்தார். ஞானியின் கண் மின்னியது. ஆள் வரவேண்டியதில்லை, பாதத்தின் அச்சு வந்தால் போதும் என்றார். அளவு ஒன்றாக இருந்தால் அழற்சியும் ஒன்றாம். வாரக் கடைசியில் நடக்கிற பெருந்தணிப்புக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேடையில் வைத்து இறக்கிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தார். கட்டணம் மட்டும் ஆளுக்கு எவ்வளவோ அவ்வளவுதான். மரம் என்பதற்காகச் சலுகை கிடையாது.

அச்சை எடுத்துவரும் வேலை சின்னவள் தலையில் விழுந்தது. கடையை அடைக்கும் நேரம். அலமாரியில் அக்காவின் பெயர் எழுதிய அச்சைத் தேடி எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியபோது, ஷூ மாட்டிக் காட்டுவதற்காக அங்கே வைத்திருக்கும் மரக்கால் கண்ணில் பட்டது. யாருடைய அளவும் இல்லை அது. கடை திறந்த நாளிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள். ஞானம் நிஜமென்றால், இது மனுஷக் கால் இல்லை என்று அந்த ஞானிக்குத் தெரியாமலா போகும்? தெரிந்துவிட்டால் நானே அவர் காலில் விழுந்துவிட்டுப் போகிறேன். அக்காவின் அச்சை அலமாரியிலேயே வைத்துவிட்டு, மரக்காலின் ஷூவைக் கழற்றி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

பெருந்தணிப்பு அன்று கூடம் நிரம்பி வழிந்தது. பழைய உடற்பயிற்சிக் கூடத்தின் ஆளுயரக் கண்ணாடிகளில் கூட்டம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. மனைவியும் நேரில் இருந்தால் இறக்கம் பலமாக இருக்கும் என்று மாமா பெரியவளை எப்படியோ தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

ஞானி துணியைப் பிரித்தார். மரக்காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேசினில் இறக்கினார். உப்பு, குழல், போர்வை. மரத்துக்கும் போர்வை போர்த்தினார் என்பதைக் கவனியுங்கள், குளிருமோ என்னவோ. சிவப்பு விளக்கு எரிந்தது. 'இறங்கு, இறங்கு' என்று கூட்டமே சேர்ந்து முனகியது. போர்வையை விலக்கியபோது தண்ணீர் அருமையாகக் கலங்கியிருந்தது. ஞானி அதைக் குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இந்தப் பாதத்துக்கு உரியவங்களுக்கு ராத்திரித் தூக்கமே கிடையாது. எல்லாரும் தூங்கும்போது இவங்க மட்டும் வெளிச்சத்துல முழிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அதில் மட்டும் ஞானி தப்புச் சொல்லவில்லை. கடை ஜன்னலில் விளக்கு விடிய விடிய எரியும்.

முழங்கால் தேய்ந்துவிட்டது என்றார். மரக்கால் கணுக்காலோடு முடிந்துபோகிற சங்கதி. கல்லீரலில் வீக்கம் என்றார். யாரிடமும் சொல்லாமல் மனசில் போட்டுப் புழுங்குகிற சுபாவம் என்றார். இன்னும் ஏழெட்டு இறக்கம் தேவைப்படும் என்றார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சின்னவள் எழுந்தாள். 

"ஐயா, அது எங்க அக்கா காலு இல்லைங்க. எங்க கடை ஜன்னல்ல ஷூ மாட்டி வைக்கிற மரக்காலு. அதுக்கு ஆளே கிடையாது. கல்லீரல் எங்கிருந்து வந்துச்சு?"

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரித்தவரை முறைத்தார்கள். ஆனால் இத்தனை காலம் தொழில் நடத்துகிறவர் ஒரு மரக்காலுக்கா அசைவார்? ஞானி கனிவாகப் புன்னகை செய்தார். இந்த மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது யார், நீதானே, உன் சந்தேகத்தின் தீதான் கை வழியாக மரத்தில் ஏறித் தண்ணீரில் இறங்கியிருக்கிறது, உனக்குத்தான் கல்லீரலம்மா என்றார். கூட்டம் கைதட்டியது. சின்னவளுக்கு முகம் சிவந்துவிட்டது. இப்படியும் ஒரு பதில் இருக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் அக்காவின் முந்தானை விலகி விரல் தெரிந்தது.

"சரிங்க. அப்ப யாரும் தொடாத தண்ணியில அந்தக் குழலை மட்டும் விடுங்க. காலும் வேணாம், மரமும் வேணாம். பார்த்துட்டுப் போயிடறேன்."

குழலைச் சும்மா இறக்கக்கூடாது, அது அதற்கு அவமரியாதை என்றார் ஞானி. இந்த இடத்தில்தான் மாமாவுக்குக் கோபம் தலைக்கேறியது. சின்னவள்மேல்தான், வேறு யார்மேல்? விறுவிறுவென்று மேடை ஏறினார்.

"நான் விடறேன். தண்ணி அப்படியே பளிச்சுன்னு நிக்கும். நின்னா, நீ இத்தனை பேர் முன்னாடி ஐயா கால்ல விழணும்."

ஞானி அவசரமாக வேண்டாம் தம்பி, வேண்டாம் என்றார். மாமா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். இல்லைங்க ஐயா, உங்கள்மேல் ஒரு சொல் வரக்கூடாது என்றார். கையைப் பிடித்தார் ஞானி. நீங்கள் சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்போடு கையை விலக்கினார் மாமா. இப்படி ஒரு விசுவாசி வாய்த்தால் எதிரி எதற்கு? பேசினைத் தானே தேய்த்துக் கழுவினார். குழாயில் தானே தண்ணீர் பிடித்துவந்தார். உப்புப் போட்டார். வயரைப் பிடித்துக் குழலை இறக்கி, சுவிட்சைத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பெருமையோடு பார்த்தார்.

முதலில் குழலைச் சுற்றி லேசாக ஒரு மஞ்சள். அப்புறம் அது புகையாக விரிந்தது. மாமா, இருங்க இருங்க, தெளியும் என்றார். தெளியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேசின் முழுவதும் பழுப்பாகிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் நுரைகூடத் தள்ளியது. காலில்லாத, ஆளில்லாத, பச்சைத் தண்ணீருக்குப் பொறாமை.

 மாமா குனிந்து சுவிட்சை அணைத்தார். விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்து, தேய்த்துப் பார்த்து, மோந்து பார்த்தார். அவருடைய முகம் மாறியதைச் சின்னவள் பார்த்தாள். பாவமாக இருந்தது.

"துரு," என்றார். "என் பஸ்ஸு ரேடியேட்டர்ல தேங்கி நிக்கிற துருத் தண்ணி. காலமெல்லாம் நானே திறந்து விடறேன். அதைத்தான் நோயின்னு நெனச்சு..."

 தண்ணீரிலிருந்து குழலை இழுத்தார். கீழ்ப்பாதி அரித்துப்போய்ப் பொத்தல் பொத்தலாக இருந்தது. ஊருக்கெல்லாம் இறங்கியது அழற்சி இல்லை, அந்த இரும்புதான். உப்புத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் இரும்பு துருவாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அந்தக் கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். பரீட்சை எழுதியதோடு அதை மறந்துவிட்டிருந்தார்கள்.

பெரியவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்து நீட்டினாள். வலதுகை ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் கோணியிருந்தது.

"இரும்பு இறங்கிடுச்சுங்க ஐயா. என் விரலு எப்ப நிமிரும்?"

இந்தத் தடவை ஞானி நிறம் பார்க்கக் குனியவில்லை. அவர் பார்வை பின்கதவைத் தேடியது. முதலில் நடந்தார். யாரோ "பிடிங்கடா அவனை" என்றதும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் வெகுகாலம் கழித்து ஒருவர் உண்மையாகவே ஓடினார். என்ன வேகம்! மூட்டில் அழற்சியே இல்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் மாமாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, மற்றவற்றைக் காப்பாற்றலாம், இந்த ஆள்காட்டி விரல் மட்டும் இனி இப்படித்தான் இருக்கும் என்றாள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். பிறகு அவள் மாத்திரையை எழுதிவிட்டு, அதே பழைய பாட்டைப் பாடினாள். நட, தூங்கு, காய்கறி சாப்பிடு, இனிப்பைக் குறை, வீட்டுக்குள் புகை வேண்டாம். இவையெல்லாம் மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்குப் பதில் இல்லை என்றும் சொன்னாள். ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு தண்ணீரும் கலங்கவில்லை. பார்க்க ஒன்றுமே இல்லாத வைத்தியம். இந்தத் தடவை மாமா கத்தரிக்காயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியவள் மெல்ல மெல்ல மெஷினுக்குத் திரும்பினாள். நூலைச் சின்னவள் கோத்துக் கொடுக்கிறாள், மற்றதை அவளே தைக்கிறாள். சாயங்காலம் மூன்று பேரும் நடக்கப் போகிறார்கள். மாமாவுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிகரெட்டை விட்டபாடில்லை, ஆனால் இப்போது தெருவில் நின்றுதான் பிடிக்கிறார், அதுவும் திருடன் மாதிரி. வழியில் பன் கடை வரும்போது சின்னவள் நடையை எட்டிப் போடுகிறாள். சில நாள் எட்டிப் போடுவதில்லை.

மரக்கால் பழையபடி ஜன்னலில் நிற்கிறது. அதன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கிண்டலாகக் கேட்கிறார்கள். அன்றைக்கு 'இறங்கு, இறங்கு' என்று முனகியவர்கள்தான் இவர்களும். இரண்டு தெரு தள்ளி, காதுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி மூளை அழுக்கை எடுக்கிற ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். நல்ல கூட்டம் என்று கேள்வி.

போவதென்றால் போங்கள், யார் தடுத்தது? போனால் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். எவனாவது உங்கள் உடம்பிலிருந்து எதையாவது எடுத்துக் காட்டினால், முதலில் உங்கள் உடம்பை அங்கிருந்து எடுத்துவிட்டு, அப்போதும் அது வருகிறதா என்று பாருங்கள். தலையை மட்டும் கூடவே வைத்திருங்கள், அதை எடுத்துவிட்டால்தான் அவனுக்குத் தொழில் நடக்கும்.